கையில் ஒட்டும் கார் பிளாஸ்டிக்: பழைய பூச்சை எடுப்பதும் புதிதாக அடிப்பதும்

கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்துகிற கைப்பிடியில் கை வைத்தாள் என் மகள். எடுத்துப் பார்த்தால் நாலு விரல் நுனியிலும் கருப்பாக ஏதோ அப்பியிருந்தது. "அப்பா, கதவு என் கையை விடமாட்டேங்குதுப்பா" என்றாள். ஒரு வருடமாகவே எனக்கும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அழுக்கு என்று நினைத்து ஈரத் துணியால் துடைப்பதும், மேலே பவுடரைத் தடவி இரண்டு நாள் சமாளிப்பதுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் கைப்பிடியைக் கழற்றினேன். அதில் தொடங்கி அந்தக் காரில் மட்டும் 11 துண்டுகள், அப்புறம் தம்பியின் காரில் 6, நண்பர் ஒருவரின் காரில் 4. முதல் சிலவற்றைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். எதைக் கெடுத்தேன், ஏன் கெட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் விஷயம், அது அழுக்கு இல்லை. தொட்டால் ரப்பர் போல மெத்தென்று இருக்கும் அந்தப் பூச்சு பாலியூரித்தேன் வகை. புதிதில் கைக்கு இதமாக இருக்கும், வெளிச்சம் பட்டால் கண்ணைக் கூசாது, மலிவான பிளாஸ்டிக் என்று தெரியாது. அதனால் கதவுக் கைப்பிடி, கன்சோல் மூடி, ரேடியோவைச் சுற்றிய சட்டம் என்று கை படுகிற இடங்களில் எல்லாம் அதை அடித்துவிடுகிறார்கள். காற்றின் ஈரமும், மூடிய காருக்குள் ஏறுகிற சூடும் சேர்ந்து அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை வருடக்கணக்கில் நறுக்கிக்கொண்டே இருக்கும். நீராற்பகுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். கை வியர்வையும் சன்ஸ்க்ரீன் எண்ணெயும் அதற்கு இன்னும் தூபம் போடும். சங்கிலி அறுந்த பூச்சு திரும்பக் கெட்டியாகாது. பாலிஷ், மெழுகு, ஸ்ப்ரே எதுவும் அதைச் சரிசெய்யாது. அதன்மேல் பெயிண்ட் அடித்தால் பசைமேல் காகிதம் ஒட்டிய கதைதான். நகம் பட்டால் தோலாக உரிந்து வரும். சுரண்டி எடுப்பது ஒன்றே வழி.

எல்லாப் பெயிண்டும் இந்த வகை இல்லை. வெள்ளி நிற அலங்காரப் பட்டை, கண்ணாடி போல மின்னும் பியானோ கருப்பு இவையெல்லாம் பல நேரம் கெட்டியான பெயிண்ட். அது பிசுபிசுக்காது, கீறல் விழும், ஓரத்தில் செதில் எழும்பும். இதில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது: உரியாமல் கெட்டியாக இருக்கும் பழைய பெயிண்டைவிட நல்ல ப்ரைமர், அதாவது அடிப்பூச்சு, உலகத்தில் கிடையாது. அதை மெனக்கெட்டு எடுக்காதீர்கள். 600 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) பளபளப்பு போகும்வரை தேய்த்துவிட்டு அதன்மேலேயே அடிக்கலாம். செதில் எழுந்த இடத்தில் மட்டும் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் படி தட்டாத அளவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

பெயிண்டே இல்லாத துண்டுகளும் உண்டு. பிளாஸ்டிக்கிலேயே நிறம் கலந்து வார்த்திருப்பார்கள். வெளியே தெரியாத மூலையில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்து எடுத்துப் பாருங்கள். இனிமேல் இதை ஐபிஏ என்று மட்டும் சொல்கிறேன். பஞ்சில் கருப்பு இறங்கி, அந்த இடம் வழுவழுவென்று பசையானால் அது மெத்தென்ற பூச்சு. கொஞ்சம் நிறம் மட்டும் வந்து மேல்பரப்பு மாறாமல் இருந்தால் அழுக்கு. ஒன்றுமே வராவிட்டால் கெட்டிப் பெயிண்ட் அல்லது வெறும் பிளாஸ்டிக்.

தொடவே கூடாதவை

ஏர்பேக் மூடிகளை விட்டுவிடுங்கள். ஸ்டீயரிங் நடுவிலோ, பயணி பக்கத்து டேஷ்போர்டிலோ ஏர்பேக் என்று எழுதியிருக்கும் எந்தப் பரப்பிலும் சுரண்டலும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். அந்த மூடிக்குப் பின்னால் குறிப்பிட்ட கோட்டில் கிழிய வேண்டும் என்று கணக்குப் போட்டு மெலிதாக வார்த்திருப்பார்கள். கரைப்பான் அந்தப் பிளாஸ்டிக்கின் பலத்தை மாற்றிவிடும். மேலே ஏறும் பெயிண்டோ, மூடி வெடித்துத் திறக்கும்போது செதிலாகப் பறந்து முகத்துக்குத்தான் வரும். சீட் பெல்ட் நாடாவிலும் எந்தக் கரைப்பானும் படக் கூடாது.

அடுத்தது, இரவில் ஒளிரும் பட்டன்கள். பெரும்பாலும் அவை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வார்த்து, மேலே கருப்புப் பெயிண்ட் அடித்து, குறியின் வடிவத்தில் லேசரால் அந்தப் பெயிண்டைச் சுட்டு எடுத்தவை. விசிறிப் படமும் அம்புக்குறியும் அச்சிட்டவை இல்லை. பெயிண்டில் விட்ட ஓட்டைகள். சுரண்டினால் பட்டன் முழுவதும் வெள்ளையாக மின்னும், எது எதற்கு என்றே தெரியாது. ஏசி பட்டன் ஒன்றில் நான் இந்தப் பாடம் படித்தேன். அது ரொம்பப் பிசுபிசுத்தால் ஐபிஏ லேசாகத் தொட்ட துணியால் ஒரே ஒரு முறை துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பட்டனையே மாற்றுவது மேல்.

மீட்டர் மேல் இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கிலும் தொடுதிரையிலும் ஐபிஏவைக் கொண்டுபோகாதீர்கள். அக்ரிலிக்கில் ஆல்கஹால் பட்டால் உள்ளுக்குள் சிலந்திவலை மாதிரி நுண்விரிசல் விழ வாய்ப்புண்டு. விழுந்தால் அது போகாது.

கழற்றுவது

காருக்குள்ளேயே மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்துவிடலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம். பெயிண்ட் தூசி துணி சீட்டில் போய் உட்கார்ந்தால் எடுக்க முடியாது. அடைத்த இடத்தில் ஆவி தலையைச் சுற்றவைக்கும். கழற்ற முடிந்தால் மட்டுமே அடியுங்கள்.

சாவியை அணைத்து எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருங்கள். சாவி போட்ட நிலையில் ஏர்பேக் சம்பந்தப்பட்ட கனெக்டரைப் பிடுங்கினால் எச்சரிக்கை விளக்கு எரியும், அப்புறம் அதை அணைக்க ஸ்கேனர் தேடி அலைய வேண்டும். நெம்புவதற்கு ஸ்க்ரூடிரைவர் ஆகாது. நைலான் நெம்புகோல் செட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரும்பு பட்ட இடத்தில் விழும் பள்ளத்தை எந்தப் பெயிண்டும் மறைக்காது. குளிரில் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று உடையும். காரைக் கொஞ்ச நேரம் வெயிலில் விட்டு, இளஞ்சூட்டில் கிளிப்பைக் கழற்றினால் உடையாமல் வரும். ஒரு துண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் எங்கேயோ ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். கைப்பிடிக் குழியின் ரப்பர் அடியில், சின்ன மூடிக்குப் பின்னால், சிகரெட் லைட்டர் கிண்ணத்துக்கு உள்ளே தேடுங்கள்.

நான் செய்வது இது: ஒரு அட்டையில் அந்தத் துண்டின் உருவத்தைத் தோராயமாக வரைந்து, எந்த இடத்திலிருந்து ஸ்க்ரூ வந்ததோ அந்த இடத்தில் அட்டையைக் குத்தி அதைச் செருகி வைத்துவிடுவேன். ஒரே கதவில் நீளமும் மரையும் வேறாக மூன்று வகை ஸ்க்ரூ இருக்கும். நீளமானதைத் தப்பான ஓட்டையில் முடுக்கினால் முன்பக்கம் கொப்புளம் மாதிரி வெள்ளையாகத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

சுரண்டுவது

என் முதல் பலி, கியருக்குச் சுற்றியிருந்த சட்டம். வீட்டில் அசிட்டோன் இருந்தது. துணியில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். பழைய பூச்சு அழகாக வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டாவது இழுப்பில் துணி பிளாஸ்டிக்கிலேயே ஒட்டியது. பிரித்தபோது துணியின் நூல் தடம் அப்படியே அதில் பதிந்திருந்தது, நாலைந்து நூலும் உள்ளே புதைந்து கிடந்தது. அது ஏபிஎஸ் பிளாஸ்டிக், அசிட்டோனில் கரைந்துபோகும். பாலிகார்பனேட்டுக்கும் அக்ரிலிக்குக்கும் அதே கதிதான். தின்னரும் பெரும்பாலும் அப்படித்தான். வேகமாக வேலை நடக்கிறது என்றாலே சந்தேகப்படுங்கள்.

மெத்தென்ற பூச்சுக்கு ஐபிஏதான் சரி. 99 சதவீதம் வாங்குங்கள். 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், வேலை ஆமை வேகத்தில் நடக்கும். துடைத்துத் துடைத்து எடுக்கப் பார்த்தால் பசை இங்கிருந்து அங்கே நகருமே தவிரப் போகாது. ஊறவைக்க வேண்டும். காகிதத் துவாலையை ஐபிஏவில் நனைத்துத் துண்டின்மேல் ஒட்டினாற்போலப் படியவைத்து, ஆவியாகாமல் இருக்க மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி 20 நிமிடம் விடுங்கள். திறந்து பார்த்தால் பூச்சு சுருங்கி, பழைய தோல் மாதிரி மடிப்பு மடிப்பாக எழும்பியிருக்கும். காலாவதியான பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால், ஒரே திசையில், நீளமாகத் தள்ளுங்கள். சுருண்டு சுருண்டு வரும். இந்த ஒரு இடத்தில் மட்டும் இந்த வேலை பரம சுகம்.

பிறகு வருவது சுகமில்லை. மூலை முடுக்கு, ஏசி வென்ட்டின் இதழ், எழுத்து பொறித்த பள்ளம் இவற்றில் பசை தேங்கியிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ், பல் குத்தும் குச்சி, இரண்டாவது ஊறல், மூன்றாவது ஊறல். கருப்புப் பசை பிரஷ்ஷிலேயே சேர்ந்துகொள்ளும். அதை அடிக்கடி ஐபிஏவில் அலசாவிட்டால் எடுத்த இடத்திலேயே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள். ஒரு கைப்பிடிக்கு எனக்கு முழுசாக இரண்டு மணி நேரம் ஆனது. கையுறை நைட்ரைலாக இருக்கட்டும், கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்போ தீப்பொறியோ வேண்டாம். நனைந்த காகிதங்களைச் சுருட்டிக் குப்பையில் திணிக்காமல் வெளியே விரித்துக் காயவிட்டுப் போடுங்கள்.

ஹீட் கன் பிடித்து உரிக்கலாமா என்று தம்பி கேட்டான். "உரிக்கலாம்டா, பிளாஸ்டிக்கும் சேர்ந்து வரும்" என்றேன். ஏபிஎஸ் 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே தளர ஆரம்பித்துவிடும். ஹீட் கன்னின் காற்றோ பல நூறு டிகிரி.

இங்கே நின்று யோசியுங்கள்

பூச்சு முழுவதும் போனதும் துண்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் நல்ல கருப்பு அல்லது சாம்பல் பிளாஸ்டிக், மெல்லிய சொரசொரப்போடு. என் 11 துண்டுகளில் 6 துண்டுகளை அப்படியே திரும்ப மாட்டிவிட்டேன். பெயிண்டே அடிக்கவில்லை. பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை, கையிலும் ஒட்டவில்லை, இனிமேல் உரிய அங்கே ஒன்றும் இல்லை. பெயிண்ட் அடித்த மற்ற ஐந்தும் என்றைக்காவது கீறும். இந்த ஆறும் கீறினாலும் உள்ளே அதே நிறம்தான். சுரண்டும்போது கீறல் விழுந்திருந்தால், நிறம் திட்டுத் திட்டாக இருந்தால், அல்லது நிறத்தையே மாற்ற ஆசைப்பட்டால் மட்டும் மேலே படியுங்கள்.

எந்தப் பிளாஸ்டிக் என்று பார்ப்பது

துண்டைத் திருப்பிப் பின்பக்கம் தேடுங்கள். இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு நடுவே சின்னதாக ஆங்கில எழுத்துகள் வார்த்திருக்கும். ஏபிஎஸ் என்றோ பிசி (பாலிகார்பனேட்) கூட்டல் ஏபிஎஸ் என்றோ இருந்தால் நிம்மதி. ப்ரைமர் நன்றாகப் பிடிக்கும். பிபி என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன். அதன்மேல் எதுவும் லேசில் ஒட்டாது. அதோடு இபிடிஎம் (ஒரு வகை ரப்பர்) என்று சேர்ந்திருந்தாலும் அப்படித்தான்.

குறி இல்லாவிட்டால் பின்பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சீவலை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும் என்பது கணக்கு. வெறும் பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி 0.9, ஏபிஎஸ்ஸுக்கு 1.05, அதுவரை சரி. ஆனால் கார்களில் வருவது பல நேரம் 20 சதவீதம் டால்க் தூள் கலந்த பாலிப்ரொப்பிலீன். அதன் அடர்த்தி 1.04 பக்கம் ஏறிவிடும், அதுவும் மூழ்கும். ஆகவே மிதந்தால் நம்புங்கள், மூழ்கினால் நம்பாதீர்கள். அதைவிட நல்ல சோதனை: பின்பக்கம் ஒரு ஓரத்தில் ஒரு துளி அசிட்டோன். ஏபிஎஸ் உடனே பசையாகும், பாலிப்ரொப்பிலீன் கண்டுகொள்ளாது. கெடுத்த பொருளே சோதனைக்கு உதவுகிறது பாருங்கள்.

தோல் மாதிரி மெத்தென்ற வினைல் உறை போட்ட டேஷ்போர்டு என்றால் அது வேறு கதை. அது வளையும், சாதாரணப் பெயிண்ட் வெடித்துவிடும். வினைலுக்கென்றே வரும் வளையும் பெயிண்டைத்தான் அடிக்க வேண்டும், ப்ரைமர் இல்லாமல். குரோம் பூசிய துண்டு உரிந்திருந்தால் என் யோசனை, விட்டுவிடுங்கள் அல்லது மாற்றிவிடுங்கள். உரிந்த குரோமின் ஓரம் பிளேடு மாதிரி. என் கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

கழுவுவது, தேய்ப்பது: இந்த வரிசையில்தான்

டேஷ்போர்டு பாலிஷ் என்று நாம் அடித்துக்கொண்டிருக்கும் பளபளப்பு பல நேரம் சிலிக்கோன். அது இருக்கும்போதே உப்புத்தாளை வைத்துத் தேய்த்தால், தேய்த்த ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் அதைத் திணித்துவிடுகிறீர்கள். அப்புறம் பெயிண்ட் அடித்ததும் வட்ட வட்டமாகக் குழி விழும், அடியில் இருப்பது மீன் கண் மாதிரி எட்டிப் பார்க்கும். அதனால் முதலில் கழுவுங்கள்: வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பிரஷ். காய்ந்ததும் மெழுகும் எண்ணெயும் நீக்கும் கரைப்பானை ஒரு துணியால் தடவி, அது காயும் முன்பே வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் ஊர்வலம் போகும், அவ்வளவுதான்.

வழவழப்பான துண்டு என்றால் 400 நம்பரில் ஆரம்பித்து 600 வரை, தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு கலந்து தேய்க்கலாம். ஆழமான கீறலுக்கு பிளாஸ்டிக்குக்கான பட்டியை (புட்டி) பூசி, காய்ந்ததும் தேய்த்துச் சமன் செய்யுங்கள். தோல் போன்ற சொரசொரப்பு வார்த்திருந்தால் உப்புத்தாளையே எடுக்காதீர்கள். அந்த மேடு பள்ளம் தேய்ந்த இடத்தில் வழுக்கை விழும். திரும்பக் கொண்டுவர முடியாது. அதற்குச் சாம்பல் நிறத் தேய்ப்பு நார்ப் பட்டைதான் சரி. பள்ளத்துக்குள்ளும் போய்ப் பளபளப்பை மட்டும் எடுக்கும்.

பிறகு கழுவி, கையுறை போட்டுக்கொண்டு, ஐபிஏ லேசாக நனைத்த துணியால் ஒரு துடைப்பு. உலர்ந்த துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறி, அறையில் இருக்கும் தூசியெல்லாம் வந்து உட்காரும். இதற்குப் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். தொட்டுவிட்டுத் துடைக்காமல் அடித்தேன் ஒருமுறை. மூன்று மாதம் கழித்து என் பெருவிரல் ரேகை வடிவத்திலேயே பெயிண்ட் கழன்று வந்தது.

அடிப்பது

துண்டைத் தரையில் படுக்கவைத்து அடிக்காமல், கிளிப் ஓட்டையில் கம்பி மாட்டித் தொங்கவிடுங்கள் அல்லது பின்னால் ஒரு குச்சியை ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று பொருந்தும் விளிம்பையும், மூடி வழுக்கிப் போகும் தடத்தையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். ப்ரைமர், நிறம், கிளியர் என்கிற நிறமில்லாத மேல்பூச்சு எல்லாம் சேர்ந்தால் சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம் வரும். கேட்க ஒன்றுமில்லை மாதிரி இருக்கும். ஆனால் பட்டன் உட்காரும் குழியில் இரண்டு பக்கமும் அது ஏறினால் அழுத்திய பட்டன் திரும்ப வராது.

காற்று சூடாகவும் இல்லாமல் குளிராகவும் இல்லாமல், 20 முதல் 30 டிகிரிக்குள், ஈரம் குறைவாக இருக்கும் நாளாகப் பாருங்கள். மழை நாளில் அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து அதில் காற்றின் ஈரம் படிந்து, கருப்பு பெயிண்ட் வெளுத்துப்போய் நிற்கும். ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி போடுங்கள். தூசி முகமூடி ஆவியைத் தடுக்காது.

பாலிப்ரொப்பிலீன் என்றால் முதலில் அட்ஹீஷன் ப்ரமோட்டர். நிறமில்லாத மெல்லிய திரவம். அதில் குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின் இருக்கும். ஒரு பக்கம் பிளாஸ்டிக்கையும் மறுபக்கம் பெயிண்டையும் பிடித்துக்கொள்வது அதுதான். மெலிதாக ஒன்று அல்லது இரண்டு முறை அடித்து, கேனில் சொன்ன நேரத்துக்குள் அடுத்ததை அடித்துவிட வேண்டும். தேய்க்கக் கூடாது. கெட்டியாக அடித்தால் நன்றாக ஒட்டும் என்று நினைப்பது தப்பு. கனமாக இருந்தால் அதுவே வழுக்கும் அடுக்காகிவிடும். ஏபிஎஸ்ஸுக்கு இது தேவையில்லை, பிளாஸ்டிக் ப்ரைமரே போதும்.

ப்ரைமர் இரண்டு மெல்லிய கோட்டு, அதாவது இரண்டு அடுக்கு. காய்ந்ததும் வழவழப்பான துண்டை 800 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தடவுங்கள். சொரசொரப்பு உள்ளதை அப்படியே விடுங்கள். ப்ரைமரை அதிகம் அடித்தாலும் அந்தச் சொரசொரப்பு மூழ்கிவிடும்.

நிறத்துக்கு வருவோம். கேனின் உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். கேன் சில்லென்று இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள், சுடுதண்ணீர் ஆபத்து. 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம். துண்டுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, கையை நேராக நகர்த்தி, துண்டைத் தாண்டியபின் விடுங்கள். மணிக்கட்டை வளைத்து விசிறி மாதிரி வீசினால் நடுவில் கனமாகவும் ஓரத்தில் தூளாகவும் விழும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியை மூட வேண்டும்.

முதல் கோட்டில்தான் எல்லோரும் தப்பு செய்கிறோம். ஒரே தடவையில் மூடிவிட வேண்டும் என்ற ஆசை. முதல் கோட்டு வெறும் தூறல். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், ஒன்றோடொன்று தொடாத புள்ளிகளாக, அடியில் ப்ரைமர் நன்றாகத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். விடுங்கள். 10 நிமிடம் கழித்து இரண்டாவது கோட்டு அந்தப் புள்ளிகளை இணைக்கும். மூன்றாவதுதான் மூடுகிற கோட்டு. டார்ச் வெளிச்சத்தில் ஈரமான பளபளப்பு கேனின் பின்னாலேயே ஓடிவருவது தெரியும். அந்தப் பளபளப்பு வராவிட்டால் கை வேகம் அதிகம் அல்லது தூரம் அதிகம், பரப்பு மணலாகக் காயும். அது ஓடாமல் குளமாக நின்றால் வழியப்போகிறது. வழிந்ததை உடனே துடைக்கப் போகாதீர்கள். நன்றாகக் காயவிட்டுத் தேய்த்து மறுபடி அடியுங்கள். சில பெயிண்டுகளில் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட்டு, இல்லாவிட்டால் ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் என்று போட்டிருக்கும். இடையில் அடித்தால் கீழ்க்கோட்டு சுருங்கி எழும்பும். அந்தச் சிறிய எழுத்துகளை முதலிலேயே படியுங்கள்.

வெள்ளி நிறம் என்றால் இன்னொரு நுணுக்கம்: காரில் எந்த நிலையில் நிற்குமோ அதே நிலையில் எல்லாத் துண்டையும் தொங்கவிட்டு, ஒரே நாளில், ஒரே கேனில் அடியுங்கள். உள்ளே இருக்கும் உலோகச் செதில்கள் எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கின்றனவோ அதைப் பொறுத்து நிறம் மாறித் தெரியும்.

மேல்கோட்டு கிளியரில் பளபளப்பு வேண்டாம் என்பது என் கட்சி. முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் எந்தத் துண்டுக்கும் மேட்தான். இல்லாவிட்டால் ஓட்டும்போது கண்ணாடியில் அதன் நிழல் மிதந்துகொண்டே இருக்கும். மேட் கிளியரில் தப்பு செய்தால் பாலிஷ் போட்டுத் திருத்த முடியாது என்பதால் கடைசிக் கோட்டைக் கை நடுங்காமல் அடிக்க வேண்டும். கெட்டிப்படுத்தும் திரவம் (ஹார்டனர்) கலந்து அடிக்கும் டூகே கிளியர் மிக உறுதியானது, உண்மைதான். ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. அடிக்கடி கை உரசும் கைப்பிடிக்கு அது வேண்டுமென்றால், சரியான காற்று வசதியுள்ள பெயிண்ட் கூடம் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன். மற்றதற்கெல்லாம் ஹார்டனர் இல்லாத சாதாரண ஒன்கே கிளியரே போதும்.

காத்திருப்பதும் மாட்டுவதும்

கடைசிக் கோட்டு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் டேப்பைத் தன்மேலேயே மடக்கிப் பின்பக்கமாக மெதுவாக இழுத்து எடுங்கள். முழுசாகக் காய்ந்தபின் எடுத்தால் ஓரம் பல்லு பல்லாக உடையும். ஒரு மணி நேரத்தில் காய்ந்த மாதிரிதான் இருக்கும். அது மேல்தோல் மட்டும். ஒரு வாரம் தொடாமல் வைத்திருங்கள். நான் நாலாம் நாளே பொறுமையிழந்து மாட்டினேன். கிளிப் இறங்க அழுத்திய இடத்தில் என் உள்ளங்கை ரேகை மேட் கிளியரில் பளபளவென்று பதிந்தது. மறுபடி தேய்த்து, மறுபடி அடித்தேன்.

ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, பின்பக்கம் ஒரு மூலையில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகக் கீறி, பலமான டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் மாட்டிப் பயனில்லை. வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு 70 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும், அங்கே அது நிச்சயம் உரியும். அதனால் பின்பக்கத்திலும் ஒரு ஓரத்தை முன்பக்கம் மாதிரியே தேய்த்து, எல்லாக் கோட்டும் அடித்து வையுங்கள்.

மாட்டும்போது கனெக்டர்களை முதலில் செருகி, எல்லாம் முடிந்தபின் பேட்டரியை இணையுங்கள். ஒரு வாரம் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விட்டால் வாசனை போய்விடும். இனி இந்தத் துண்டுகளை ஈரத் துணியால் மட்டும் துடையுங்கள். சானிடைசர் ஈரம் காயாத கையோடு தொட வேண்டாம். பழைய பூச்சைக் கரைத்தது மாதிரியான ஆல்கஹால்தான் பெரும்பாலும் அதில் இருக்கிறது, ஒன்கே பெயிண்டையும் அது இளக்கும்.

கேனில் மிச்சமிருந்த பெயிண்டைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் பீய்ச்சி, வாயு அடங்கியபின் மூடி, நிறத்தின் பெயரும் தேதியும் எழுதிக் கருவிப் பெட்டியில் போட்டு வைத்தேன். ஐந்தாம் மாதம் மகளின் பள்ளிப்பை ஜிப் கன்சோல் மூடியின் ஓரத்தில் ஒரு கோடு போட்டது. மெல்லிய தூரிகை முனையால் ஒரு தொடுப்பு. குனிந்து தேடினால்தான் இப்போது தெரியும்.